இரண்டு போத்தல் இருமல் மருந்து

இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். வாசிக்கத் தெரிந்தவன் நான் என்பதால் அந்த நம்பிக்கை எனக்கு வசதியாகவும் இருந்தது.

தலைமன்னார் இறங்குதுறைக் கந்தோரில் எனக்குக் கிளாக்கர் வேலை. இராமேஸ்வரம் கப்பலில் வரும் சாமான்களைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு பெட்டி கூடினாலும் பிடித்துவிடுவேன் (இதை யாரும் கேட்காமலே ஊருக்குச் சொல்லியும் விடுவேன்).

மாதா கோயில் பெருநாளன்று எங்கள் நாலு வயது மகள் ஜெசிக்கு மூக்கொழுகும் தடிமனும் இருமலும். பின்னேரச் சுற்றுப்பிரகாரத்தில் அவள்தான் சம்மனசு, தேவதூதர் வேடம். தோளில் கட்டும் கடதாசிச் செட்டையும் தயார். இருமுகிற சம்மனசை யார் கண்டது? வீட்டில் மன்னார்க் கடையில் வாங்கிய சிவப்பு மருந்தும், மச்சான் கப்பலில் கொண்டுவந்த மஞ்சள் மருந்தும் இருந்தன. சிவப்பு இருமலுக்கு, மஞ்சள் தடிமனுக்கு என்று நானே தீர்ப்புச் சொல்லி, காலையில் இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தேன். இருமல் நிற்காததால் பத்து மணிக்கும் அப்படியே.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று மனைவி பிலோமினா கேட்டாள். இங்கிலீசில் எழுதியிருக்கிறது, உனக்கு விளங்காது என்றேன். (நானும் மருந்தின் பெயரை மட்டுந்தான் வாசித்திருந்தேன்.)

மத்தியானம் படுத்த பிள்ளை எழும்பவில்லை. தூக்கினால் தலை தோளில் தொங்கியது. நான் அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். பிலோமினா அழவில்லை. இரண்டு போத்தலையும் அருகருகே வைத்து, பொடி எழுத்துகளில் விரலை ஓட்டினாள்.

“எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா இந்த ரெண்டு சொல்லும் ரெண்டு போத்தலிலயும் ஒரே மாதிரிக் கிடக்கு. ஒரே மருந்தைத்தான் ரெண்டு தரம் குடுத்திருக்கிறீங்கள். பிள்ளையத் தூக்குங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

போத்தல்களையும் அவளே எடுத்து வந்தாள். டொக்டர் பார்த்துவிட்டு, அவள் சொன்னது சரி என்றார். நித்திரையாக்கும் மருந்து இரண்டிலும் இருந்ததாம்.

பொழுதுபடும் நேரம் ஜெசி கண் விழித்து, செட்டை எங்கே என்று கேட்டாள். சுற்றுப்பிரகாரம் முடிந்துவிட்டிருந்தது. நான் அழுத அழுகையில், பக்கத்துக் கட்டில்காரர் எனக்குத்தான் வருத்தம், நோயாளி நான்தான் என்று நினைத்துவிட்டார்.

ஜெசி இப்போது கனடாவில் இருக்கிறாள். தன் பிள்ளைக்குத் தடிமன் என்றால் மருந்துப் போத்தலை வீடியோவில் காட்டுவாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமுவேன்.

“அப்பா, போனை அம்மாட்டக் குடுங்கோ.”

அங்கே பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் கொடுத்துவிடுவேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் என்னைவிடப் பெருமைப்படுகிறவர் யாரும் இல்லை.