எழுந்து போகாத ஃபரஜும் என் இலந்தைத் தேனும்

துஆன் பள்ளத்தாக்கு
மழை நின்ற மறுநாள்

முகல்லாவில் தேன்கடை நடத்தும் என் அக்கா மகன், அன்பு மருமகன் யஸ்லமுக்கு, உன் தாய்மாமன் கராமா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமி ஷைகாவும் தேனீக்களும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். வீட்டுக் கூரை நலமில்லை. அங்கே நீயும் பிள்ளைகளும் உன் கடையும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். உன் தொலைபேசியை மட்டும் அந்த துஆவில் நான் சேர்க்கவில்லை. என்னுடையதை அணைத்து மாவுப் பானைக்குள் போட்டுவிட்டேன். அதனால்தான் இதை லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ செய்த வேலை என்னவென்று உனக்கே தெரியாது, கேள். நீ கூப்பிட்ட அன்று காலை ஆற்றுக்கு அக்கரையில் சுண்ணாம்புச் சூளை வைத்திருக்கும் ஃபரஜ் வந்தான். அவன் மகளுக்குக் கல்யாணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, கராமாவின் குளிர்கால இலந்தைத் தேன்தான் விருந்தில் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். விலை பேசினோம். நியாயமான விலைதான், ஆனால் பாதிக் கூரைக்குத்தான் காணும். மழைக்கு முன் கூரை முழுவதும் சுண்ணாம்பு பூசுகிறேன் என்று உன் மாமிக்கு நான் சொல்லி வருடங்களாகின்றன. இருந்தாலும் சரி என்றேன், கை கொடுத்தேன், கை இன்னும் கைக்குள் இருக்கிறது, அப்போது பார்த்து உன் அழைப்பு. எனக்குக் காது மந்தம் என்பதால் என் தொலைபேசியை ஊருக்கே கேட்கும்படி வைத்திருக்கிறேன். நீ அலறுகிறாய்: "மாமா, தேனை யாருக்கும் குடுத்துடாதீங்க! ஜித்தாக்காரர் ரெண்டு மடங்கு தர்றேங்குறாரு!"

ஃபரஜ் கையை விட்டான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"கராமா, நாம இன்னும் ஒரே பாயிலதான் உக்காந்திருக்கோம். பிரியுற வரைக்கும் வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. சொல்றதுன்னா சொல்லிடு."

"குடுத்த வார்த்தைய மாத்துற ஆளா நான்?"

"அப்ப எந்திரிச்சுப் போ, வியாபாரம் முடிஞ்சுரும்."

"இது என் வீடு. நான் எங்கடா போவேன்? நீ எந்திரி."

"நான் எந்திரிச்சா, நீ மனசு மாறிடுவேன்னு பயந்து ஓடுன மாதிரி ஆயிரும். அப்படி நழுவக் கூடாதுன்னு நபியவங்க தடுத்திருக்காங்க. தெரியாதா உனக்கு?"

எனக்கா தெரியாது? எந்த மதரஸாவுக்கும் போகாமல், கிழிந்த மார்க்கச் சட்ட நூல்களைத் தைத்துத் தைத்துத் தானாகப் படித்தவன் நான். அந்தத் தடையை அவனுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்தான். எதிராளி மனம் மாறிவிடுவானோ என்று நழுவி ஓடுகிறவன் வியாபாரியே இல்லை என்று எத்தனை பேரை ஏசியிருக்கிறேன், நீயும் கேட்டிருக்கிறாய். ஆக நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவனும் எழமாட்டான். அவனே இரக்கப்பட்டு, தேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் வார்த்தையும் பிழைக்கும், கூரையும் பிழைக்கும் என்று நான் கொஞ்சம் காத்திருந்தது உண்மை. அவனோ டீயைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். உன் மாமி வந்து பார்த்தாள். "ஏங்க, ரெண்டு பேர்ல ஒருத்தராவது எந்திரிங்க. நான் வீடு கூட்டணும்" என்றாள். இரண்டு பேரும் காலை மட்டும் தூக்கிக்கொண்டோம்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே நடந்தோம். ஒருவன் முந்தினால் பிரிந்ததாகிவிடுமோ என்று பள்ளிவாசல் கதவில் இரண்டு பேரும் ஒன்றாக நுழைந்து மாட்டிக்கொண்டோம் யஸ்லம், பின்னால் இருந்தவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். தொழுகை முடிந்து இமாமிடம் கேட்டோம். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. "மாத்திக்கிட்டா பாவம் இல்ல பெரியவரே, மாத்தாம விட்டா பெருந்தன்மை. ரெண்டுல ஒண்ணச் செய்ங்க. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் இப்படி ஒட்டிக்கிட்டு வந்துராதீங்க" என்றார். ஃபரஜ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது அவனுடைய சூளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காய்ந்த ஆற்றில் இறங்கினோம். மேற்கே மலைமேல் கறுத்திருந்ததை இரண்டு கிழவர்களும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஒருவரை ஒருவர்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். இரைச்சல் கேட்டது. பெரிய வெள்ளம். அவன் அக்கரைக்கு ஓடினான், நான் இக்கரைக்கு ஓடினேன், என் இடது செருப்பு அவன் பக்கத்தில் போய் விழுந்தது. நடுவில் ஆறு செம்மண்ணாக ஓடுகிறது. மழையும் பிடித்துக்கொண்டது. நான் மனதுக்குள், சரி, பிரிந்தாயிற்று, தேன் போயிற்று, அல்லாஹ்வின் நாட்டம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த மடையன் அங்கிருந்து வாயில் கையைக் குவித்துக் கத்துகிறான்:

"கராமா! நாமளா பிரியலடா! வெள்ளம் பிரிச்சிருக்கு! கட்டாயத்துல பிரிஞ்சா உரிமை போகாது! தேன் இன்னும் உன் இஷ்டந்தான்!"

பார்த்தாயா? மகள் கல்யாணம், சம்பந்தி வீட்டில் கொடுத்த வார்த்தை, எல்லாம் என் ஒரு சொல்லில் தொங்குகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் அவனுக்கு. என் பக்கத்துச் சட்டத்தை எனக்கே, அதுவும் மழையில் நனைந்துகொண்டு, எடுத்துச் சொல்கிறான். எனக்கு வந்ததே ஒரு கோபம்! நேர்மையில் இவன் என்னை முந்துவதா?

"அப்படின்னா நல்லாக் கேட்டுக்கோ!" என்று நானும் கத்தினேன். "இப்ப நானாப் போறேன்! யாரும் தள்ளல! என் சொந்தக் காலால போறேன்! தேன் உன்னுது!" சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடுவரை நடந்தேன். திரும்பியே பார்க்கவில்லை. வீட்டில் எல்லாச் சட்டியிலும் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உன் மாமி எனக்குத் துவட்ட ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அந்த ஜித்தாக்காரருக்கு அது எந்த விலைக்கும் கிடைக்காது.

ஆகவே அவரிடம் இல்லை என்று சொல்லிவிடு. இன்னொன்று: தேனை ஃபரஜுக்கு உன் மாமி அளந்து கொடுப்பாள். என்னை இப்படி மடக்கியவன் முகத்தில் நான் இனி விழிப்பதாக இல்லை. கடைக்கு வரும் நம் ஊர்க்காரர்களிடமும் இதைச் சொல்லி வை.

உன் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, உன் தராசை நேராகவும் உன் குரலைச் சற்று மெதுவாகவும் வைப்பானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் மாமன்
கராமா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஃபரஜ் வந்துவிட்டான். ஒரு கையில் என் செருப்பு, பின்னால் கழுதைமேல் சுண்ணாம்பு மூட்டைகள், கூரை முழுவதற்கும் காணும். இனாமாம். இனாம் வாங்க மாட்டேன், சந்தை விலைக்கு விற்பதானால் இறக்கு என்றேன். அவன் மாட்டேன் என்றான். உன் மாமி சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். நான் விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கறித்துண்டில் கை வைத்தவன் தொல்லை தாங்காமல், "சரி, வித்தேன், போ" என்றான். உடனே நான் எழுந்து தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். வேறு என்ன செய்ய, அந்தச் சோறு முடிவதற்குள் அவன் மனம் மாறிவிடுவான். இப்போது ஜன்னலில் நின்று, "மனசு மாறிடுவேன்னு பயந்துதானேடா ஓடுன? கூடாதுல்ல? சொல்லிக்குடுத்ததே நீதானே!" என்று கூப்பாடு போடுகிறான். ஆகவே நழுவி ஓடுகிறவர்களைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. அவன் முகத்தில் விழிப்பதில்லை என்றதையும் அடித்துவிடு. நாளைக்குக் கூரையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பூசவேண்டும். ஜித்தாக்காரரிடம் அடுத்த குளிர்காலம் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ் என்று சொல். மாவுப் பானையிலிருந்து தொலைபேசியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இதைத் தெருச் சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன். வெயில் கொதிக்கிறது, உள்ளே போனால் இன்னும் பிரியவில்லை, இனாம்தான் என்று மறுபடி ஆரம்பிப்பான், அதனால் அவன் வெளியே வரும்வரை நான் உள்ளே போக முடியாது, செருப்பு இரண்டும் உள்ளே இருக்கின்றன.