டீசலுக்கு உப்புப் போட்டவள்

உப்பு ஈரத்தை இழுக்கும். நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், அதுவே சொல்லும். இவ்வளவு எளிய உண்மையை நம்பி ஒரு பெண் ஒரு காரியம் செய்தாள் என்பதற்காக அவளை நாற்பது வருடமாகக் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்? தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுத் தப்பையும் என் தலையில் கட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். முக்கால் பங்கு என்னுடையது. மீதிக் கால் பங்கு, கூரையை ஒழுகவிட்ட முதலாளியுடையது. (மனிதர் கடைசிவரை அதை ஏற்கவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிய சூட்டோடு எனக்கு வேலை கிடைத்தது. கொட்டாம்பட்டி போகும் நெடுஞ்சாலையோரம் ஒரு ஹேச்சரி. கோழி இருபத்தோரு நாள் அசையாமல் உட்கார்ந்து செய்கிற வேலையை மிஷின் செய்கிற இடம். பீரோ மாதிரிப் பெரிய பெட்டிகள், உள்ளே தட்டுத் தட்டாக ஆயிரக்கணக்கான முட்டைகள், சூடு சீராகப் பரவ விசிறிகள். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். மதுரை கே.கே. நகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன்.

கோடை வந்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்பது மின்வாரியத்துக்கே தெரியாது. ஜெனரேட்டருக்கு வேண்டிய டீசலும் கேட்ட நேரத்தில் கிடைக்காது. அதனால் கிடைக்கிறபோது வாங்கி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் பேரல் பேரலாகச் சேர்த்து வைத்திருந்தார் முதலாளி.

ஜெனரேட்டரை ஓட்டியவர் முத்தையா. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட மூன்று வயது கூட இருந்தால் அதிகம். என் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் பிரயோஜனமில்லை.

பேரல்களை அவர் படுக்க வைத்து, ஒரு பக்கம் செங்கல் கொடுத்து, சாய்வாக வைத்திருந்தார். எனக்கு அது பார்க்கவே பிடிக்கவில்லை.

"ஏன் இப்படிக் கோணலா வச்சிருக்கீங்க?"

"டீசலுக்கு அடியில தண்ணி தங்கும் டீச்சர். சாச்சு வச்சா ஒரு மூலைக்குப் போயிரும். மேலாக்க உள்ளத மட்டும் எடுத்துக்கிருவேன். அடியில கெடக்குற ஒரு சாண் நமக்கில்ல."

"மூடி போட்ட பேரலுக்குள்ள தண்ணி எப்படி வரும்?"

"வருது."

அவ்வளவுதான் அவருடைய விளக்கம். மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்த எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக நான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போய் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பகலில் பேரல் சூடாகிறது, இரவில் குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வேர்த்து அடியில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் பாசி மாதிரிக் கறுப்பாக ஒன்று வளர்ந்து டீசலைக் கெடுக்கிறது. தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டால், ஆறு மாதத்தில் கெடுகிற டீசல் ஒரு வருடம்கூடத் தாங்கும். இவ்வளவையும் முதலாளியின் அறையில் சாக்பீஸால் சுவரில் படம் போட்டு விளக்கினேன். முதலாளி எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். பட்டதாரிகள் எது சொன்னாலும் அவருக்கு வேதம்.

"அப்ப என்னம்மா செய்யலாம்?"

"கல்லுப்பு போடலாம் சார். ஈரத்தை அப்படியே இழுத்துக்கும்."

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நானே பைகள் தைத்தேன். "டீசலுக்கு ஊறுகாயாடி போடப் போற?" என்றாள் அம்மா. விஞ்ஞானிகளுக்கு வீட்டில் மரியாதை கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பேரலுக்கு ஒரு பை. உள்ளே கல்லுப்பு. சணல் கயிற்றில் கட்டி மூடியிலிருந்து தொங்கவிட வேண்டும். பை நடுவில் தொங்குவதற்குப் பேரலை நிமிர்த்தி வைக்க வேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் நிமிர்த்தச் சொன்னேன்.

முத்தையா மட்டும் தயங்கினார். "நிமித்தி வச்சா மண்டையில மழத் தண்ணி நிக்கும் டீச்சர்."

"கொட்டகைக்குள்ள எப்படி மழை வரும்?"

"வருது" என்று கூரையைக் காட்டினார். ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது.

அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூரையை அடைக்கச் சொல்லி முதலாளிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் "ஆகட்டும்மா" என்றார். ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது, மழை வந்தது. கூரை அடைக்க ஆள் மட்டும் வரவில்லை. பேரலின் மேல்விளிம்பு தாம்பாளம் மாதிரி தண்ணீரை ஏந்தி வைத்துக்கொண்டது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது, பேரல் அந்தத் தண்ணீரை மூடியின் இடுக்கு வழியே உறிஞ்சிக் குடித்திருக்கிறது. என் உப்புப் பைகளும் கடமை தவறவில்லை. வந்த தண்ணீரை எல்லாம் இழுத்து, கரைந்து, கொழகொழவென்று பேரலின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. இதெல்லாம் பிறகு தெரிந்தது. மழைக்காலத்தில் கரண்ட் அதிகம் போகாததால் சித்திரை வரை யாரும் அந்தப் பேரல்களைத் திறக்கவே இல்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை, கோழிப் பண்ணைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். எங்களிடம் தொடர்ந்து குஞ்சு வாங்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். மூவரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதலாளி ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பொண்ணு கெமிஸ்ட்ரி பட்டதாரி. டீசல் கெடாம இருக்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. சொல்லும்மா."

சொன்னேன். வெட்கமில்லாமல் கால் மணி நேரம் சொன்னேன். சுவரில் படம்கூட அழியாமல் இருந்தது. அவர்களில் வயதானவர், "இம்புட்டு விசயம் இருக்கா இதுல!" என்று வியந்தார். அந்த நிமிடம் பார்த்துக் கரண்ட் போனது. முதலாளி முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"நல்ல நேரத்துல போச்சு பாருங்க! முத்தையா, புதுப் பேரலைத் தெற!"

முத்தையா குழாயை மேலாக விட்டு டீசல் எடுக்கப் போனார். நான் தடுத்தேன். "அடி வரைக்கும் விடுங்க. நம்ம டீசல்லதான் தண்ணியே கிடையாதே!" அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடி வரைக்கும் விட்டார். (அந்தப் பார்வை எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.)

ஜெனரேட்டர் கம்பீரமாகக் கிளம்பியது. பத்து நிமிடம் ஓடியது. பிறகு ஒரு இருமல். இன்னொரு இருமல். வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு நின்றது.

முத்தையா ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே கலங்கிய தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காறித் துப்பினார்.

"மொதலாளி, உப்புக் கரிக்குது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து வழிவிடும் என்று எதிர்பார்த்தேன். சித்திரை மாதத்துப் பூமி அப்படியே கட்டாந்தரையாகக் கிடந்தது.

என்னைத் திட்ட யாருக்கும் நேரமில்லை. மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் உள்ளே இருந்தன. விசிறி நின்றால் குஞ்சுகள் உள்ளேயே புழுங்கிச் செத்துவிடும். "கதவத் தொறங்க! தட்டெல்லாம் வெளிய வரட்டும்!" என்று முத்தையா கத்தினார். தட்டு தட்டாகத் தூக்கி வேப்ப மர நிழலில் வைத்தோம். குஞ்சு அனுப்பும் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து ஆளுக்கு ஒரு அட்டையாக எடுத்து விசிறினோம். முதலாளி விசிறினார். பார்க்க வந்த மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிறினார்கள். நான் அழுதுகொண்டே விசிறினேன்.

"கொஞ்சம் மெதுவா வீசும்மா, முட்டை உருண்டுரப் போகுது" என்றார் பெரியவர்.

"குளுந்திராதா அண்ணே?" என்று கேட்டார் இன்னொருவர்.

"மாப்ள, நம்ம ஊரு வெயில்ல எது குளிரும்? அந்த மிஷினுக்குள்ள இருக்கிற சூடுதான்யா இங்கயும் இருக்கு!"

அவர் சொன்னது சரிதான். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. அதற்குள் அவர் விசிறிக்கொண்டிருந்த தட்டில் ஒரு அவசரக்காரக் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு தலையை நீட்டி "கீச்" என்றது. மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். மறுநாள் ஒரு சில முட்டைகளைத் தவிர எல்லாம் பொரிந்தன. மூவரும் எங்களிடமே குஞ்சு வாங்கினார்கள். "கரண்டே இல்லாமப் பொரிக்கிற ஹேச்சரி" என்று வேறு ஊரெல்லாம் சொன்னார்கள். அந்தப் பெருமையில் எனக்கு ஒரு துளி பங்காவது உண்டா? கிடையாது. ஆனால் ஜெனரேட்டரின் துருப்பிடித்த டீசல் பம்ப்பை மதுரைக்கு அனுப்பியபோது அங்கே இருந்த மெக்கானிக், "இது என்ன, கடலுக்குள்ள விழுந்துச்சா?" என்று கேட்டானே, அது மட்டும் முழுக்க எனக்கு.

முத்தையா ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. பேரல்களைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, மறுபடி சாய்த்து வைத்தார். ஒரு தடவையாவது கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லை. கூரையை மட்டும் அடுத்த வாரமே அடைத்தார்கள். மூன்று கடிதத்துக்கு வராத ஆள் அப்போது எங்கிருந்து வந்தார் என்று நான் கேட்கக்கூடாதாம்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். வரவேற்பில் வாழ்த்திப் பேச முதலாளி மைக்கைப் பிடித்தார். வாழ்த்தினாரா? உப்புக் கதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, நடித்துக் காட்டிச் சொன்னார். கூரை ஒழுகியதை மட்டும் மறந்துவிட்டார். என் மாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் எதைச் சமைத்தாலும், வாயில் வைக்கும் முன் யாராவது ஒருவர் "இதுல டீசல் எம்புட்டு?" என்று கேட்காமல் இருந்ததில்லை. பிறகு நாத்தனாருக்கு வாய்த்த வீட்டுக்காரர்வரைக்கும் அந்தக் கேலி பரவிவிட்டது.

போன வருடம்தான் எனக்கு நீதி கிடைத்தது. என் மகள் கெமிக்கல் இன்ஜினீயர், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஒரு நாள் போனில், "அம்மா, இங்க டீசல்ல இருக்கிற ஈரத்தை எடுக்க என்ன வச்சிருக்காங்க தெரியுமா? பெரிய தொட்டி நிறைய உப்பு! அது வழியாத்தான் டீசலை விடுறாங்க" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. போனை அப்படியே என் வீட்டுக்காரரிடம் நீட்டி, அவர் காதாலேயே கேட்க வைத்தேன்.

கேட்டார். போனை வைத்தார். ரொம்ப யோசித்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"உன்னைத் தப்பா நெனச்சுட்டோம். சாம்பார்ல போட வேண்டியத நீ டீசல்ல போடல. டீசல்ல போட வேண்டியதத்தான் இத்தன வருசமா சாம்பார்ல போட்டுக்கிட்டிருக்க."