பேருக்கு ஒரு பீப்

"எம் புருசன் பேருல இன்னா சார் அசிங்கம் கீது?"

தி.நகரில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் மூன்றாவது மாடியில், ராகவேந்திரனின் மேசைக்கு முன்னால் நின்று பச்சையம்மா இப்படிக் கேட்டாள். திருவான்மியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாலும் வாசனை மட்டும் கூடவே படியேறி வந்திருந்தது.

ராகவேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேட்டிகளில் வரும் கெட்ட வார்த்தைகளைப் 'பீப்' ஒலி போட்டு மூடுவது அவர் வேலை. இருபது வருஷ சர்வீஸ். அலுவலகத்தில் அவருக்குப் 'பீப் மாமா' என்றே பெயர். மயிலாப்பூரில், வீட்டிலும் அவருக்கு அதே உத்தியோகம்தான். விளக்கு அணைந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது "போறேன்" என்று வாசற்படி இறங்கினால், கூப்பிட்டு உட்காரவைத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்ல வைத்த பிறகுதான் அனுப்புவார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மா சமைக்க வைத்திருந்த வஞ்சிரத்தைப் பூனை தின்றுவிட்டது. காவலுக்கு இருந்த புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பச்சையம்மாவின் வாய் தெருவே அறிந்த வாய். அன்றைக்கு அது கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டது. மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. சர்க்கரை வியாதிக்காரர். மாத்திரைகள் அலமாரியிலேயே கிடந்தன.

செவ்வாய்க்கிழமை 'காணவில்லை' பகுதிக்காக நிருபர் வந்து, "உங்க கணவர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். ஆனாலும் ஆளைத் தேடியாக வேண்டுமே! வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, அழுகையோடு காமிராவைப் பார்த்துச் சொன்னாள்:

"யோவ் மண்ணாங்கட்டி, எங்கய்யா கீற? வூட்டுக்கு வந்துடுய்யா!"

தொலைக்காட்சியில் அது இப்படி வந்தது: "யோவ் பீப், எங்கய்யா கீற?"

"அது... வசவுப் பட்டியல்ல நாப்பத்தேழாவது வார்த்தைம்மா," என்றார் ராகவேந்திரன். "போன தேர்தல்ல ஒரு பெரிய மனுஷர் நேரலையில அப்படித் திட்டி, வக்கீல் நோட்டீஸ் வந்துடுத்து. அதுலேர்ந்து கம்ப்யூட்டரே பீப் போட்டுடும்."

"வசவா? அவருக்கு முன்னாடி பொறந்த நாலு புள்ளைங்களும் தங்கல சார். இதையாவது எமன் சீண்டக் கூடாதுன்னு எம் மாமியா அந்தப் பேர வெச்சிச்சி. எமனே வுட்டுட்டான், நீங்க வுட மாட்டன்றீங்க!"

ராகவேந்திரனுக்குச் சுருக்கென்றது. நேராகச் செய்தி ஆசிரியர் ஸ்ரீநாத்தின் அறைக்குப் போனார்.

"பட்டியல்ல மட்டும் கை வெக்காதீங்க சார்," என்றார் ஸ்ரீநாத். "பீப்தானே அந்தம்மாவுக்குப் பிரச்சினை? பீப்பை எடுத்துடுங்க. வார்த்தையும் வேணாம். சத்தமில்லாம விட்டுடுங்க."

சத்தம் போனது. உதடு இருந்தது. ம-வுக்கு உதடு ஒட்டுவது யாருக்குத்தான் தெரியாது? ராகவேந்திரன் கடமை தவறாதவர். அவள் வாயின்மேல் ஒரு மங்கல் கட்டம் போட்டார். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, கலங்கிய வாயோடு பச்சையம்மா ஊர் முழுக்கத் தெரிந்தாள்.

மறுநாள் காலை அவள் மறுபடி வந்து நின்றாள்.

"மார்க்கெட்ல தலை காட்ட முடியல சார். 'வாயவே மறைச்சிகிறான்னா நீ எவ்ளோ கேவலமா பேசிகினு இருந்திருப்ப'ன்னு சிரிக்கிறாளுங்க. பேஜாராப் பூட்ச்சி."

"உங்க கௌரவத்துக்கு நான் பொறுப்பும்மா," என்றார் ராகவேந்திரன். மனதாரத்தான் சொன்னார்.

அன்று மாலை படத்துக்குக் கீழே ஒரு வரி ஓடியது. ராகவேந்திரனே உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதிய வரி: 'நாகரிகம் கருதி, இக்குடும்பப் பெண்மணியின் பேச்சில் ஒரு சொல் நீக்கப்பட்டுள்ளது.'

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அந்த ஒரு சொல் என்ன என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. வீடியோ ஃபோன் ஃபோனாகப் பறந்தது. தெரியாத வார்த்தையைக்கூட யோசித்துக் கண்டுபிடித்துப் போட்டார்கள். நிலையத்துக்கு நாற்பத்தோரு அழைப்புகள் வந்தன. நாற்பத்தொன்றும் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான். திரையின் மூலையில் இருந்த கிழவரின் போட்டோவைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பச்சையம்மா சண்டை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அஞ்சு நாளாச்சு சார். ஒரு வேள மாத்திர தப்புனாலே அவருக்குக் கண்ணு இருட்டும். எங்க வுழுந்து கெடக்குறாரோ."

"அம்மா..."

"கண்ணாலமாயி முப்பத்தெட்டு வருசம் சார். மொத தபா அவரு பேர எம் வாயால சொன்னேன். அது அவரு காதுல வுழாமயே பண்ணிட்டீங்களே."

பிறகு, அங்கே காமிரா இல்லாவிட்டாலும், அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னாள். மெதுவாக, அவர் பக்கத்து அறையில் படுத்திருப்பதுபோலச் சொன்னாள். ராகவேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷத்தில் எத்தனை பேருடைய வாயை இப்படிப் பார்க்காமலே பூசியிருக்கிறோமோ என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, நாற்பத்தேழாவது வார்த்தையை அழித்தார்.

ஸ்ரீநாத் ஓடி வந்தார். "நோட்டீஸ் வந்தா யார் சார் பதில் சொல்றது?"

"என் பேருக்கு வரட்டும். என் பேரையாவது முழுசாப் போடுவா."

ஆறு மணிக்குப் பீப் இல்லை, கட்டம் இல்லை, கீழே வரியும் இல்லை. "யோவ் மண்ணாங்கட்டி, எங்கய்யா கீற? வூட்டுக்கு வந்துடுய்யா!" கட்டடமே கேட்டது. பச்சையம்மா மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆறு பத்துக்கு ஃபோன் அடித்தது. ராகவேந்திரன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், சைதாப்பேட்டைலருந்து அன்வர் பாஷா பேசறேன். ஸ்டேஷனாண்ட டீக்கடை வெச்சிகீறேன். நீங்க தேடற நைனா இங்கதான் இருந்தாரு."

பச்சையம்மா ஃபோனைப் பிடுங்காத குறை. "உசுரோட கீறாரா? மாத்திர?"

"நல்லாகீறாருமா. மாத்திர நம்ம கடையாண்ட மெடிக்கல்ல வாங்கிக் குட்த்துட்டேன். இப்பதான் ஆட்டோல ஏத்தி வுட்டேன். வூட்டுக்குத்தான் வந்துகினு கீறாரு."

பச்சையம்மா கும்பிட்ட கையோடு படியிறங்கி ஓடினாள். மாத்திரை அட்டை மேசையிலேயே கிடந்தது. ராகவேந்திரன் நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்ரீநாத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோனில் கேட்டார்:

"பாத்தேளா, பேரை முழுசாப் போட்டதும் அடையாளம் தெரிஞ்சுடுத்து! எத்தனை நாளா அங்க இருந்தார்?"

"ஞாயித்துக்கெழமலருந்து எங்கூடத்தான் சார்."

"அப்போ செவ்வாக்கிழமையே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே? போட்டோ போட்டோமே, பாக்கலையா?"

"பாத்தோம் சார், அவரும் பாத்தாரு. சம்சாரம் அழுவறதப் பாத்துட்டுத் துண்ட எட்த்துகினு கெளம்பியே பூட்டாரு. அப்பதான் நீங்க பீப்பு போட்டீங்க. 'எம் பேர அவ செத்தாலும் சொல்ல மாட்டா பாய், அப்ப அது வேற இன்னாவோதான்'னு சொல்லிட்டு, மறுபடியும் வந்து பெஞ்சுல குந்திகினாரு."