மந்தைவெளியின் இன்னொரு எம்.எல்.ஏ.

தேர்தலில் நிற்காமல், டெபாசிட் கட்டாமல், ஒரு வாசலில்கூடக் கும்பிடு போடாமல் எம்.எல்.ஏ. ஆனவர் இந்த மாநிலத்திலேயே ஒருவர்தான். அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது நான். பதவிக்காலம் முழுக்க அவரிடம் அவமானப்பட்டதும் நானே.

அப்போது பொதுக்கொள்கையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்காக என்னை அபிராமபுரத்தில் இருந்த ஒரு முதியோர் சங்கத்துக்கு அனுப்பினார்கள். வயதானவர்களின் கோரிக்கைகளைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோய், அவற்றைப் பேரவையில் கேள்வியாக எழுப்பவைப்பது சங்கத்தின் வேலை. அந்தச் சந்திப்புகளுக்கு ஆட்களைத் தயார்செய்வது என் வேலை. சங்கம் இருந்தது செங்குத்தான மாடிப்படிக்கு மேலே. உறுப்பினர்களில் பாதிப் பேர் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துக் கைதூக்கித் தீர்மானங்களை நிறைவேற்றுவார்கள். முதியோர் சங்கத்தை மாடியில் வைத்தது யார் என்று செயலாளரைக் கேட்டேன். மயிலாப்பூர்க்காரர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். "காத்து நன்னா வரும்மா" என்றார்.

சங்கத்தில் அக்கா என்று ஒருவர் இருந்தார். மந்தைவெளியில் வெகுகாலம் இட்லிக்கடை நடத்தி, முழங்கால் தேய்ந்ததும் மூடியவர். எழுபதைத் தாண்டியிருந்தும், 'அக்கா' என்று கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்ப்பார். சங்கத்தில் சேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம்: "பாவம், கெயவன் கெயவிங்க. யாராச்சும் கூட நிக்கணுமில்ல?"

நாங்கள் கையில் எடுத்த கோரிக்கை, பேருந்தின் படி. அது அக்காவின் கோரிக்கை. ஆற்றோரம் குடியிருந்த அவருடைய மூத்த சகோதரியை ஊருக்கு வெளியே அரசு அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அங்கே போக வேளச்சேரியில் இறங்கி அடுத்த பேருந்து பிடிக்க வேண்டும். முதல் படிக்கு முழங்காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். சங்கத்தின் மாடிப்படி அவர் நின்று நின்று ஏறும்வரை காத்திருக்கும்; பேருந்து காத்திருக்காது. பல மாதங்களாகச் சகோதரிகளுக்குள் போன் பேச்சு மட்டும்தான்.

"போன்ல இன்னா தெரியும் பாப்பா? நல்லாக்கீறேன் நல்லாக்கீறேன்னு சொல்லிக்கினே கீறா. மூஞ்ச பாத்தாதானே தெரியும்?"

எம்.எல்.ஏ.வைச் சந்திப்பதற்கு முன் ஒத்திகை பார்ப்போம் என்றேன். பாடத்தில் படித்திருந்தேன், ஒருவர் எம்.எல்.ஏ.வாக நடிக்க வேண்டும், மற்றவர்கள் கோரிக்கை வைக்க வேண்டும். செயலாளர் மறுத்துவிட்டார். "நேக்கு யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல வராதும்மா."

அக்கா எழுந்துபோய் மேசைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அது சுழல்நாற்காலி ஆகிவிட்டது. அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, யாரிடமோ பேசிக்கொண்டே என்னை நிற்கும்படி கைகாட்டினார். நின்றேன். பேச்சு முடிய நேரமானது.

"வணக்கம் ஐயா. முதியோர் பேருந்தில் ஏறுவதற்கு…"

"வூட்டுல ஆட்டோ புடிச்சுத் தர ஆளில்லியா?"

"ஐயா, பொதுப் போக்குவரத்து என்பது முதியோரின் அடிப்படை…"

"ஃபண்டு இல்ல."

"உலக அளவில் பல நகரங்களில்…"

"உலகத்துல எனக்கு ஓட்டு கீதா?"

நான் மடிக்கணினியில் தேடத் தொடங்கினேன். "வேற எதுனா கீதா?" என்று கேட்டுவிட்டு அக்கா டீ குடிக்கப் போய்விட்டார்.

தினமும் நான் வாதங்களைக் கூர்தீட்டிக்கொண்டு வந்தேன். தினமும் அக்கா தன் சொந்தக் கோரிக்கையைத் தானே தள்ளுபடி செய்தார். படியைத் தாழ்த்தினால் மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்றார். தாழ்வான படியில் ஆடு ஏறிவிடும் என்றார். ஒருமுறை நான் அழுகிற நிலைக்கு வந்தபோது, "அயுதா மனு வாங்க மாட்டேன்" என்றார். விஷயம் கீழே பரவியது. தெருவில் நிற்கும் உறுப்பினர்கள் அவரை எம்.எல்.ஏ. அக்கா என்று கூப்பிட்டு, தெருவிளக்கு முதல் மருமகள் தொல்லை வரை முறையிடத் தொடங்கினார்கள். எல்லோரையும் "பாத்துக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். நிறைவோடு போனார்கள்.

நிஜ எம்.எல்.ஏ. நேரம் கொடுத்தார். பேரவை கூடுவதற்கு முன் கிடைத்த ஒரே சந்திப்பு. இதை விட்டால் அடுத்த கூட்டத்தொடர்தான். அக்கா கஞ்சி போட்ட புடவையில் வந்தார். செயலாளர், அக்கா, நான் மூவரும் பெரிய மேசைக்கு முன் உட்கார்ந்தோம்.

"சொல்லுங்கம்மா, நான் என்ன செய்யணும்?" என்றார் எம்.எல்.ஏ.

போனை எடுக்கவில்லை. ஆட்டோவைப் பற்றிப் பேசவில்லை. முகத்தைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்தார். இப்படி ஒரு தாக்குதலை நான் எதிர்பார்க்கவே இல்லை. வாரக்கணக்கில் பழகிய கழுத்து தானாகத் திரும்பியது.

"வணக்கம் ஐயா. முதியோர் பேருந்தில் ஏறுவதற்கு…" என்றேன், அக்காவிடம்.

அக்காவும் யோசிக்கவில்லை. "ஃபண்டு இல்ல" என்றார்.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு, "பெருமாளே" என்றார்.

எம்.எல்.ஏ. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் சொல்ல வேண்டியதையும் நீங்களே சொல்லிட்டீங்க. நான் எந்திரிச்சிடட்டுமாம்மா?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அது சரி, பஸ்ல ஏற முடியாதது யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றார் அக்கா.

அப்புறம் முழங்காலைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"இந்தப் பொண்ணு டெய்லி வந்து கேக்குது. நான் இல்ல இல்லன்னு சொல்லிக்கினே கீறேன். சொல்லிச் சொல்லி, நெசமாவே எங்கக்காவ இனிமே பாக்க முடியாதுன்னு எனக்கே தோணிப்போச்சு. நீ ஒரு தபா ஆவட்டும்னு சொல்லு நைனா."

எம்.எல்.ஏ. சிரிப்பதை நிறுத்திவிட்டு, "ஆகட்டும்மா" என்றார்.

சொன்னபடி பேரவையில் கேட்டார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. "இத நான் அபிராமபுரத்துலயே சொல்லிட்டனே" என்றார் அக்கா. என் பயிற்சியைப் பற்றி எழுதும்போது, எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசப் பழக வேண்டும் என்று செயலாளர் குறிப்பிட்டிருந்தார்.

படித்து முடித்துப் பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் மதியம் தியாகராய நகர் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பாப்பா, ஏறிட்டேன்."

பின்னால் பேருந்தின் இரைச்சல். அந்தத் தடத்தில் தாழ்தளப் பேருந்து விட்டிருந்தார்கள். எங்கள் கேள்வியால்தான் விட்டார்களா என்று செய்தியாளராக என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அக்காவுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

"சும்மா வூட்டு வாசப்படி மாதிரி கீது. விசில் அடிக்கறதுக்குள்ள குந்திட்டேன். எங்கக்காவப் பாக்கப் போய்க்கினு கீறேன்." பிறகு பழைய நாற்காலிக் குரலில் கேட்டார்: "வேற எதுனா கீதா?"

"இல்லை ஐயா" என்றேன்.

அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. வேளச்சேரி வரைக்கும் கூடவே போனேன்.