மலைத்தீவுப் பூவுக்கு நான் பார்த்த வைத்தியம்

கவலைப்படுகிற ஆட்களிடம் எந்த வேலையையும் நம்பிக் கொடுக்கலாம். ‘ஒன்றும் செய்யாமல் சும்மா பார்த்துக்கொண்டிரு’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எனக்கெல்லாம் பால் பொங்கி வருவதைப் பார்த்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கும். (அடுப்பை அணைத்த பிறகும் அடிக்கும்.)

அப்படிப்பட்ட என்னைத்தான் குற்றாலத்தில், ஐந்தருவி போகிற வழியில் இருந்த ஒரு நாற்றுக்கூடத்தில் வேலைக்கு வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தண்ணீர் தெளிப்பேன், களை எடுப்பேன், மீதி நேரம் பயப்படுவேன். செடிகளுக்குப் பொறுப்பு ஒரு ஆராய்ச்சி மேடம். மலை உச்சியில் மட்டும் முளைக்கிற, காசித்தும்பைக்கு உறவான ஒரு அபூர்வச் செடியை அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார்.

“செல்வி, மேகம் இறங்கிட்டா மலையெல்லாம் கடல் மாதிரி. உச்சி மட்டும் தீவு தீவா நிக்கும். இந்தத் தீவுச் செடிக்கும் அந்தத் தீவுச் செடிக்கும் போக்குவரத்தே கிடையாது. இங்க மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான். அதுகளுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து விதை பிடிக்க மாட்டேங்குது.”

“எங்க மாமியார் வீடு மாதிரி சொல்லுங்க. அங்கயும் எல்லாம் மாமன் மக, அத்தை மவன்தான்.”

மேடம் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

எதிர் உச்சியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து இந்தச் செடியில் சேர்ப்பதுதான் திட்டம். கிட்டத்தட்ட கல்யாணம். ஆனால் அந்த வருஷம் எங்கள் கூடத்தில் பூத்ததே ஒரு செடி. அதிலும் ஒரே ஒரு பூ. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் செடி உயிரோடு இருக்குமா என்றே தெரியாது.

மேடம் மலைக்குப் புறப்படும்போது, “ஆந்தர் ட்ராப் ஆகும், ஸ்டிக்மா ரெசப்டிவ் ஆகும். நீ எதையும் தொடாதே, பயப்படாதே” என்றார். நான் நன்றாகத் தலையை ஆட்டினேன். கேள்வி கேட்டால் எட்டாம் வகுப்பு வெளியே தெரிந்துவிடுமே! எனக்குப் புரிந்தது ‘பயப்படாதே’ ஒன்றுதான். என்னால் முடியாததும் அது ஒன்றுதான்.

ஸ்டூலைப் போட்டுப் பூவுக்கு எதிரே உட்கார்ந்தேன். தேனீ வராமல் வலை போட்டிருந்தது. மத்தியானம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பூவுக்குள்ளிருந்து வெள்ளையாக, குட்டித் தொப்பி மாதிரி ஒன்று கழன்று பாசியில் விழுந்தது. மேடத்துக்குப் போன் போட்டால் மலையில் டவர் இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற எங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

“என்னங்க, தலை விழுந்துட்டு!”

“ஏட்டி, யாருக்கு?”

“பூவுக்கு!”

“நான் சவாரில இருக்கேன். விழுந்தா எடுத்து ஒட்டி வையி. போனை வைட்டி!”

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். எங்கள் வீட்டில் தபால் கவரோ, கிழிந்த பாடப்புத்தகமோ, எதை ஒட்டுவதென்றாலும் சோற்றுப் பருக்கைதான். ரெண்டு பருக்கையை நன்றாக மசித்து, ஊக்கு நுனியால் தடவி, தொப்பியை இருந்த இடத்திலேயே உட்கார வைத்தேன். என்ன கச்சிதம்! எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் ஜீப் வந்தது. மகரந்தம் இருந்த ஐஸ் டப்பாவைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மேடம் இறங்கினார். நேராக வந்து வலையைத் தூக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தவர் அலறிவிட்டார்.

“ஐயோ, பூஞ்சை! பூவுக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு! மத்த செடிக்குப் பரவிடும். கத்தரிக்கோலை எடு, பூவை வெட்டிடணும்!”

கத்தரிக்கோலை நானா எடுத்துக் கொடுப்பேன்? அவரே எடுத்தார். பூக்காம்புக்கு மயிரிழை தூரத்தில் கத்தரி வாயைத் திறந்தது. எனக்குக் குரல் எப்படி வந்ததோ தெரியாது.

“மேடம், வெட்டிராதீங்க! அது பூஞ்சை இல்ல… பொன்னி!”

“என்னது?”

“பொன்னி அரிசி, மேடம். நல்லா வெந்ததுதான்.”

கத்தரி அப்படியே நின்றது. நடந்ததைச் சொன்னேன். மேடம் கண்ணை மூடித் திறந்தார்.

“செல்வி, அது தலை இல்ல. நான் சொன்ன ஆந்தர், மகரந்தம் இருக்கிற தொப்பி. இந்தப் பூ முதல்ல ஆணா இருக்கும். அந்தத் தொப்பி விழுந்தாத்தான் பொண்ணா மாறும். நான் ஓடி ஓடி வந்ததே அதுக்குத்தான்.”

“அப்ப நான் அதைத் திரும்ப ஆணாக்கிட்டேனா?”

“ஆமா. சோறு போட்டு ஆக்கிட்ட.”

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுகிறாரோ என்று அதற்கும் பயந்தேன். பிறகு ஈரத் தூரிகையால் பொன்னியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்து, தொப்பியைக் கழற்றி, எதிர் உச்சி மகரந்தத்தை வைத்தார். பூ என்ன நினைத்ததோ, காய் பிடித்தது. விதை முளைத்தது.

ஆனால் நான் ஒட்டிய தொப்பியிலிருந்த சொந்த மகரந்தமும் உள்ளே போயிருக்கலாமே? எந்த நாற்றுக்கு எது அப்பன் என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் இலை கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். (மலை உச்சியில் மானமாக இருந்த பூவுக்கு என்னால் இப்படி ஒரு பேச்சு!) முடிவு வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் எதிர் உச்சிக்காரன் பிள்ளைகள்தான் என்று வந்தது. மேடம் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்.

என் மானத்தைத்தான் எந்தச் சோதனையும் காப்பாற்றவில்லை. மேடம் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்ல, எங்கள் மகளுக்கும் தெரிந்துபோனது. இப்போது எங்கள் வீட்டுக்காரருக்கு முன்மண்டையில் முடி கொட்டுகிறது. போன வாரம் சீப்பைப் பார்த்து அவர் முகம் சுண்டியதுதான் தாமதம், மகள் அடுக்களையிலிருந்து கத்தினாள்:

“எப்பா, விழுந்ததை அப்படியே பிடிச்சிக்கிட்டு நில்லுங்க! குக்கர்ல இன்னும் ஒரு விசில்தான்!”