சம்பந்தி, அந்தப் பணத்தை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நான்கு தெரு தள்ளி இருப்பவருக்கு எதற்குக் கூரியரில் கடிதம் என்று தாங்கள் புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசலாமென்றால், திங்கட்கிழமையிலிருந்து நான் கூப்பிட்டால் தாங்கள் எடுப்பதில்லை, தாங்கள் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. நேரில் வரலாமென்றால், தங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்து தொலைக்கும். சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் காபி குடித்துத் திரும்பிவிடுவேன். தவிர, கூரியர்காரர் கார்டு வாங்குகிறார்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். குழாய்க் கம்பெனியிலிருந்து தாங்கள் ஓய்வு பெற்றதற்கு ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லோருக்கும் ஹோட்டலில் விருந்து வைத்தீர்கள். அந்த பில்லுக்குத் தங்கள் கார்டிலிருந்தும் பணம் போயிருக்கிறது, என் கார்டிலிருந்தும் போயிருக்கிறது. மறுநாள் ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டு, "ஒருத்தருக்குத் திருப்பிக் குடுத்துடறோம் சார், யாருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு சொல்லுங்க" என்றார். அந்தப் பணத்தைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுமென்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருஷம் உழைத்து ஓய்ந்த மனிதர், தன் விருந்துக்குத் தானே காசு கொடுப்பதா? நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்?

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் உத்தமன். ஆனால் பாருங்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போனைப் பார்க்கத் தோன்றுகிறது, இந்த நாற்காலியில் இந்தக் கடிதத்துக்காக மட்டும் ஆறு தடவை உட்கார்ந்துவிட்டேன். உண்மையைக் கொட்டினால்தான் நிற்கும்.

எல்லாம் அந்தக் கிரெடிட் கார்டு விற்கிற பெண்ணால் வந்தது. என் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஃபிரேம் மாற்ற வந்தவர், நான் ஸ்க்ரூ முறுக்கி முடிப்பதற்குள் என்னை முறுக்கிவிட்டார். "சார், நீங்க எப்படியும் செலவு பண்ணத்தான் போறீங்க. அதுல கொஞ்சம் திரும்பி வந்தா வேண்டாம்னா சொல்வீங்க?" நான் ஏன் சொல்கிறேன்! வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் நம் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று கடல் தாண்டிச் செய்தி வந்ததா, அன்று சாயங்காலமே கார்டோடு கொடுத்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். கார்டில் செலவு பண்ணப் பண்ண பாயிண்ட் சேருமாம், இருபதாயிரம் பாயிண்ட் சேர்ந்தால் ஒரு விமான டிக்கெட் சும்மா. எனக்கும் வீட்டுக்காரிக்குமாக நாற்பதாயிரம். பிரசவத்துக்கு முன்னால் போய் இறங்கிவிடலாம் என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். போன நிம்மதி இன்னும் வரவில்லை.

சோப்புத்தூளுக்கு மூன்று மடங்கு பாயிண்ட் என்று கடையில் போட்டிருந்தான், வாங்கினேன், அடுத்த வாரமும் போட்டிருந்தான், அடுத்த வாரமும் வாங்கினேன், இப்போது எங்கள் வீட்டில் சோப்புத்தூள் மூட்டையைத் தாண்டித்தான் குளிக்கவே போக முடியும். புதன்கிழமை பெட்ரோலுக்கு இரட்டிப்பு, ஆனால் ஊருக்கு அந்தக் கோடியில் ஒரே ஒரு பெட்ரோல் பங்க்கில் மட்டும். போட்டதில் பாதி போய் வருவதற்கே சரியாகிவிட்டது, ஒரு புதன்கிழமை அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே வண்டி நின்று, தள்ளிக்கொண்டு போய்ப் போட்டேன். பழைய முடிவெட்டுக்காரரிடம் "கார்டு வாங்குவீங்களா?" என்றேன். "கத்திதான் இருக்கு, காட்டட்டுமா?" என்றார். கார்டு வாங்குகிற பெரிய கடைக்குப் போனேன். அங்கே முடியை வெட்டினார்களோ இல்லையோ, முகத்தில் பச்சையாக எதையோ அப்பி அரைமணி நேரம் படுக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்த உங்கள் சம்பந்தியம்மா, "யாரு வேணும்?" என்றாள்.

இதெல்லாம் நம் காசு. மற்றவர்கள் காசில் கை வைத்ததுதான் தப்பாகிப்போனது. மருந்துக்கடையில் வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் இருப்பவர் ரொக்கத்தை எண்ணுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். எத்தனை பாயிண்ட் வீணாகப் போகிறது! ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு பெரியவர் தோளைத் தட்டி, "அந்தக் காசை எங்கிட்ட குடுங்க, நான் கார்டுல கட்டிடறேன்" என்றேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, பாத்தா குடும்பஸ்தன் மாதிரி இருக்கே!" என்று சத்தம் போட, கடையின் காவலாளி வந்துவிட்டார். அவருக்குக் கண்ணாடி போட்டவன் நான்தான். அந்தக் கண்ணாடியால் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு மாத்திரை வாங்க வீட்டுக்காரிதான் போகிறாள். ரொக்கத்தோடு.

"குழந்தை பிறக்க டாக்டர் தேதி குடுத்துட்டாரு. உங்க பாயிண்ட்டு எப்பப் பிறக்கும்னு எந்த டாக்டரைக் கேக்கறது?" என்கிறாள் தினமும். பேசாமல் காசு போட்டு ஒரு டிக்கெட் எடுங்கள் என்கிறாள். சும்மா போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் என்னாவது?

போன வாரம் பெண் போன் பண்ணினாள். "அப்பா, டிக்கெட் போட்டாச்சா?" "போட்ட மாதிரிதாம்மா." "அதென்னப்பா மாதிரி?" அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "முதல் பிரசவம்ப்பா. பயமா இருக்கு. அம்மா பக்கத்துல இருந்தாத் தேவலை." அதற்கு ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னேன்: "இன்னும் நாலாயிரம்தாம்மா." "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டாள். அந்தச் 'சரிப்பா' இன்னும் என் காதில் இருக்கிறது சம்பந்தி. இதை நினைத்தால்தான் ஏழாவது தடவையாக எழுந்திருக்கிறேன்.

அந்த நிலைமையில்தான் உங்கள் விருந்து வந்தது. அந்த வாரம் ஹோட்டல் செலவுக்கு ஐந்து மடங்கு. சூப் வந்ததோ, சுட்டது வந்ததோ, எனக்கு ஒன்றும் நாக்கில் தங்கவில்லை. ஒவ்வொரு தட்டும் மேஜைக்கு வரும்போது மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அக்கா இன்னொரு ஐஸ்கிரீம் வேண்டாம் என்றபோது, "அட, சாப்பிடுங்கக்கா!" என்று நானே சொல்லித் தருவித்தேன். அதைப் பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பில் வந்தது. நீங்கள் கை நீட்டினீர்கள். நான் பாய்ந்தேன்.

"சம்பந்தி, கையை எடுங்க, இது என் விருந்து!" என்றீர்கள்.

"உங்க விருந்துக்கு நீங்களே குடுத்தா ஊர் என்னைத்தானே பேசும்!"

"ஒருத்தரும் பேச மாட்டாங்க. கார்டை உள்ள வைங்க சொல்றேன்!"

"முதல்ல நீங்க வைங்க!"

உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கவனித்தீர்களா? "சம்பந்தின்னா இப்படி அமையணும். எங்க சம்பந்தி பில்லு வந்தா கை கழுவப் போயிடுவாரு" என்றார். உங்கள் மைத்துனர் போனில் வீடியோ எடுத்துக் கடல் தாண்டி அனுப்பியும்விட்டார். பரிமாறியவர் பாவம், வலது பக்கம் ஒரு கார்டு, இடது பக்கம் ஒரு கார்டு, நடுவில் அவர் வயிற்றில் நம் இருவர் முழங்கை. முதலில் உங்கள் கார்டைப் போட்டார், மெஷின் முழித்துக்கொண்டு நின்றது. விடுவேனா, என் கார்டைத் திணித்தேன். எனக்குச் சீட்டு வந்தது. உங்களுடையது சாவகாசமாகப் பின்னால் போயிருக்கிறது போல. வண்டியில் வீட்டுக்கு வரும்போது பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "எத்தனை மடங்கு?" "அஞ்சு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் நாற்பதாயிரம் தாண்டிவிட்டேன்! பணம் திரும்பி வந்தால் பாயிண்ட்டும் திரும்பிப் போய்விடும் சம்பந்தி. அதுதான் விஷயம். அதனால்தான் மேனேஜரிடம், "எனக்கு வேண்டாம், அவருக்கே குடுங்க, பெரிய மனுஷர்" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவரும் உங்களைப் பத்தி அதையேதான் சார் சொன்னாரு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா என்று. நேற்றுவரை கலங்கித்தான் இருந்தது. நேற்று அந்தக் கார்டு விற்கிற பெண் மறுபடி கடைக்கு வந்து, "உங்க சம்பந்தியும் எங்கிட்டதான் சார் கார்டு வாங்கினாரு. பேரனோ பேத்தியோ, உங்களுக்கு முன்னாடி போய்த் தூக்கிடணுமாமே!" என்று சிரித்துவிட்டுப் போனார். கண் தெளிந்துவிட்டது.

ஆகவே நமக்குள் இனி ஒளிவுமறைவு வேண்டாம். நானும் தாத்தா, நீங்களும் தாத்தா. நீங்கள் ஓய்வு பெற்றவர், நிதானமாகப் பின்னால் வரலாம். நான் முதலில் தூக்கினாலும் உடனே உங்களுக்கு வீடியோவில் காட்டிவிடுவேன், குழந்தை முகம் நடுவில் இருக்கும்படி. உங்களுக்கு ஆயுள் முழுக்க என் கடையில் ஃபிரேம் இலவசம். லென்ஸுக்கு மட்டும் கொடுத்தால் போதும், அதையும் கார்டில் வேண்டாம், ரொக்கமாக. இவ்வளவுக்குப் பிறகும் இரங்காமல், "எனக்கே பாயிண்ட்" என்று நின்றால், பெண்ணின் பயத்தை நினைத்துப் பாருங்கள். நினைத்துப் பார்த்து, பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் முழங்கால் வலி தீரட்டும், சம்பந்தியம்மாவின் பொறுமை தீராமல் இருக்கட்டும், மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஏறட்டும், நம் இரு வீட்டுக்கும் ஒரே வாரிசு நல்லபடியாக வந்து சேரட்டும் என்று வாழ்த்தி வணங்கும்,

தங்கள் அன்புள்ள (ஞாயிற்றுக்கிழமை முழங்கையால் இடித்த) சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கடிதம் கையிலிருந்து பறிபோனது. வீட்டுக்காரி நின்றபடியே முழுக்கப் படித்தாள். கோபிப்பாள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த நாப்பதாயிரம் போறதுக்கா, போயிட்டு வர்றதுக்கா?"

சின்னப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். போவதற்கு மட்டும். சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை மாதத்தில் திரும்பி வருவது என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியதா?

"தோணாதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள். 'எங்களுக்கு' என்றால் அவளும் உங்கள் வீட்டம்மாவும். விருந்து முடிந்த ராத்திரியே இருவரும் பேசி முடித்துவிட்டார்களாம். என் பாயிண்ட்டில் இவள் போகவர, உங்கள் பாயிண்ட்டில் அவர்கள் போகவர. இன்றைக்கு மத்தியானம் டிக்கெட் போட்டாகிவிட்டது. என் பாஸ்வேர்டு பெண்ணின் பிறந்த நாள், உங்களுடையது பையனின் பிறந்த நாள் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லையாம். பெண்ணே கேட்டுக்கொண்டது: "அம்மாவும் அத்தையும் வந்தாப் போதும். வீடியோ பாத்தேன். அப்பாவும் மாமாவும் இங்க வந்தா ஆஸ்பத்திரி பில்லுக்குக் கட்டிப் புரளுவாங்க." வீட்டுக்காரி போனை என்னிடம் கொடுத்தாள். "இப்பத்தாம்ப்பா பயம் போச்சு" என்றாள் பெண். போனை அவள் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். பணத்தை நீங்களும் திரும்ப வாங்க முடியாது, நானும் முடியாது. இருவர் பாயிண்ட்டும் போகாமலிருக்க, பெண்கள் மேனேஜரிடம் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்த அதிகப்படிப் பணத்துக்கு, அவர்கள் திரும்பி வரும்வரை நம் இருவருக்கும் தினமும் ராத்திரிச் சாப்பாடு. ஒரே மேஜை. பில்லே வராதாம்.

வெள்ளிக்கிழமை அவர்களை விமானம் ஏற்றிவிட்டு ஏழு மணிக்குச் சந்திப்போம். அந்தச் சாப்பாட்டில் ஐஸ்கிரீம் சேராது, விசாரித்துவிட்டேன். அதற்கு நான்தான் கொடுப்பேன்.