ஸ்பேர் அண்ணாச்சியும் கடற்கரைத் திடலும்

தூத்துக்குடியில் பயத்தை மொத்த வியாபாரத்துக்கு எடுத்தவர் ஸ்பேர் அண்ணாச்சி ஒருவர்தான். நாமெல்லாம் அவரிடம் சில்லறைக்கு வாங்கியவர்கள்.

மைக்செட் போடுவது அவர் தொழில். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். ஊரில் யாருக்கும் தெரியாது. எதை எடுத்தாலும் "போச்சுன்னா?" என்று கேட்டுக் கூடவே இன்னொன்றும் கொண்டுவருவார். ஸ்பேர் மைக், ஸ்பேர் ஒயர், ஸ்பேர் ஃபியூஸ். காலில் கிடக்கும் செருப்புக்கே லோடு ஆட்டோவில் இன்னொரு ஜோடி உண்டு. ஒரு திருநாள் நாடகத்தில் வசனத்துக்கு நடுவே ராஜாவின் ஒட்டுமீசை கழன்று விழுந்தது. மேடை ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. அதில் இன்னொரு மீசை. என்ன, அது நரைத்த மீசை. ஒரே காட்சியில் ராஜாவுக்கு வயதாகிவிட்டது.

நான் அப்போது ஒரு திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அடுத்த இருபது வருடத்துக்கு நகரத்தின் கலையும் பண்பாடும் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களையே கேட்டுத் திட்டம் போடுவது எங்கள் வேலை. மில்லர்புரத்தில் ஒரு மண்டபம். சுவரில் ஆள் உயர வரைபடம். வருகிறவர்களுக்குத் தலைக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர். கலைக்கு எந்த இடம் வேண்டுமோ அங்கே ஒட்டலாம். ஆறு மணிக்கு அதிகாரி அம்மா வருவார். ஸ்டிக்கர் விழாத இடங்களில், ஏற்கெனவே பென்சிலால் குறித்து வைத்திருந்தது அப்படியே உறுதியாகிவிடும்.

மைக் கட்ட வந்த அண்ணாச்சி வரைபடத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். கடற்கரைத் திடல். திருநாள் நாடகமும் கோயில் கொடை வில்லுப்பாட்டும் நடக்கிற மண். அதன் ஓரத்தில் பென்சிலால் 'லாரி நிறுத்தம்' என்று எழுதியிருந்தது.

"தம்பி, இது என்ன அநியாயம்?"

"காலி இடம்னு நெனச்சிட்டாவ அண்ணாச்சி. கடற்கரை ஆளுவ வந்து ஸ்டிக்கர் ஒட்டுனா மாறிரும்."

"கூட்டம் எத்தன மணிக்கு?"

"நாலு."

அண்ணாச்சி தலையில் கைவைத்தார். "வள்ளம் கரைக்கு வார நேரம்லா! மீனப் போட்டுட்டு எவன் இங்கன வருவான்?"

நேரம் குறித்தது நான்தான். அலுவலக ஆட்களுக்கும் மைக்செட்காரருக்கும் ஸ்டிக்கர் கிடையாது என்று விதி எழுதியதும் நான்தான்.

நாலரைக்கு மண்டபம் நிறைந்தது. கடற்கரை முகம் ஒன்றுகூட இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டு வாசலிலேயே ஒட்டினார்கள். ஒரு பலசரக்குக் கடைக்காரர் மூன்றையும் தன் கடைமேல் அடுக்கி ஒட்டிவிட்டு, பலமாக இருக்கட்டும் என்றார். மணி ஐந்து. திடலில் ஒன்றும் விழவில்லை.

"தம்பி, மேப்புக்கு ஸ்பேர் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. இது ஒண்ணுதான்."

அவருக்கு வியர்த்து ஊற்றியது. வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்தார், சுருட்டினார், கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"அண்ணாச்சி! என் வேலை போயிரும்!"

"வேலைக்கு ஸ்பேர் கெடைக்கும்லே. திடலுக்கு எங்கன கெடைக்கும்?"

அதுவரை என்னை அவர் 'லே' போட்டதே இல்லை. நானும் ஸ்டிக்கர் கட்டோடு லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

கரையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மிக்கேலம்மா விஷயத்தைக் கேட்டதும் கத்தியைப் போட்டார். "நம்ம திடல்ல லாரியா? ஏளா, எல்லாவளும் இங்கன வாங்க!"

ஈரக் கையில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. "சனியன், ஒட்ட மாட்டேங்குல்லா" என்று உதறிவிட்டு, ஒரு விளமீன் செதிலை எடுத்துத் திடல்மேல் வைத்து அழுத்தினார். பசை போட்டது போலப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒரு செதில். அண்ணாச்சி வரைபடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஸ்பேர் இல்லளா, மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வரைபடம் சுவரில் இருந்தது. மண்டபம் முழுக்க மீன் வாடை. அதிகாரி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"இது என்ன பளபளன்னு?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரோ மைக் முன்னால் 'ஒன், டூ, த்ரீ' தவிர எதுவும் பேசாதவர். எங்களோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்த மிக்கேலம்மாதான் வாசலிலிருந்து சொன்னார்.

"செதிலும்மா. எங்க திடல்ல நாங்க ஒட்டுனது. நாலு மணிக்குக் கூப்பிட்டா மீன வுட்டுட்டு எப்படி வர? செதிலத்தான் அனுப்ப முடிஞ்சுது."

அதிகாரி அம்மா ஒரு செதிலை நகத்தால் பெயர்த்துப் பார்த்தார். வரவில்லை. பிறகு ரப்பர் கேட்டார். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து இரண்டு ரப்பர் எடுத்து நீட்டினார்.

'லாரி நிறுத்தம்' அழிந்தது. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, திடலிலேயே என்று முடிவானது. என் வேலையும் பிழைத்தது.

இந்த வருடத் திருநாள் நாடகத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்து என் கையில் ஒரு டார்ச்சைத் திணித்தார். "கரண்ட் போச்சுன்னா பயப்படாதீய தம்பி."

கரண்ட் போகவில்லை. ஆனாலும் நாடகம் முடியும்வரை டார்ச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒயர்களுக்கு நடுவே அவர் தடுக்கி விழாமல் நடக்கிறாரா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஸ்பேர் கிடையாதே.